சிரித்தால் தோற்கும் ஆட்டம்

படிக்கும்போது சிரிப்பூட்டும் ஒரு சீட்டு, ஆடும்போதும் இன்பம் தருமா என்ற வினா, சீட்டாட்டத்தை வெறும் பொழுதுபோக்காகக் கருதுவோருக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றுவதாலேயே நிலைபெறும் ஓர் அமைப்புக்குள், ஒழுங்கு குலைவதால் பிறக்கும் சிரிப்புக்கு இடம் உண்டா என்ற பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது. இதை ஆராயக் கற்பனையான எடுத்துக்காட்டுகளைத் தேட வேண்டியதில்லை. இக்காலப் பொருளில் முதல் டிரேடிங் கார்டு விளையாட்டான ‘மேஜிக்: தி கேதரிங்’, 1998 முதல் 2022 வரை ஐந்து முறை இந்த வினாவைத் தன் சீட்டுகளிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது.

டிரேடிங் கார்டு விளையாட்டில் எல்லார்க்கும் பொதுவான 52 சீட்டுகள் கொண்ட கட்டு கிடையாது. ஒவ்வொருவரும் தாம் வாங்கியும் பிறரோடு மாற்றிக்கொண்டும் சேர்த்த ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து தமக்குரிய கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வந்து மோதுகிறார்கள். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து, ‘விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ என்ற அமெரிக்க நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்ட மேஜிக்கில், ஆடுவோர் 20 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்கி, நிலச் சீட்டுகளிலிருந்து ‘மானா’ என்னும் ஆற்றலைத் திரட்டி, அதைச் செலவிட்டு உயிரிகளையும் மந்திரங்களையும் இறக்கி, எதிரியின் உயிர்ப்புள்ளிகளைச் சுழியாக்க முயல்கிறார்கள். ஒவ்வோர் உயிரிக்கும் தாக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். பயன்பட்டுத் தீர்ந்த சீட்டுகள் ‘கல்லறை’ எனப்படும் குவியலுக்குப் போகும். ஒவ்வொரு சீட்டும் தன்மேல் தானே ஒரு சிறு விதியைச் சுமந்து வருவதால், அவை எல்லாம் ஒன்றோடொன்று முரணாமல் இயங்குவதற்காக எழுதப்பட்ட முழு விதிநூல் 200 பக்கங்களைத் தாண்டி நீள்கிறது. விதிமொழி இத்தனை இறுக்கமாக இருப்பதே அதைக் கேலிசெய்யும் ஆசையைத் தூண்டியிருக்க வேண்டும்.

அந்த ஆசையின் முதல் விளைவு 1998-இல் வந்த ‘அன்குளூட்’ என்ற நகைச்சுவைத் தொகுதி. அதன் சீட்டுகள் வழக்கமான கறுப்பு ஓரத்துக்கு மாறாக வெள்ளி நிற ஓரத்தோடு அச்சிடப்பட்டன. முறையான போட்டிகளில் அவற்றுக்கு இடமில்லை என்பதற்கு அந்த ஓரமே அடையாளம். அதனைத் தொடர்ந்து 2004-இல் ‘அன்ஹிஞ்ச்டு’, 2017-இல் ‘அன்ஸ்டேபிள்’, 2020-இல் ‘அன்சாங்ஷன்டு’, 2022-இல் ‘அன்ஃபினிட்டி’ ஆகியவை வெளிவந்தன. இவற்றின் முதன்மை வடிவமைப்பாளரான மார்க் ரோஸ்வாட்டர், விசர்ட்ஸ் நிறுவனத்துக்கு வருமுன் ‘ரோசேன்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு எழுதியவர். நகைச்சுவை எழுத்து அறிந்த ஒருவர் விதிகளை எழுதும் வேலைக்கு வந்தபோது, இரண்டும் ஒரே திறன் அல்ல என்பதை அவர் கற்றுக்கொண்ட வரலாறாகவே இந்த ஐந்து தொகுதிகளையும் படிக்கலாம்.

சீட்டில் நகை மூன்று இடங்களில் தங்கக்கூடும். முதலாவது அதன் பெயரும் படமும். இரண்டாவது விதி எழுதப்பட்ட வாசகம். மூன்றாவது அந்த விதி மேசையின்முன் மனிதர்களைச் செய்ய வைக்கும் செயல். முதலிரண்டையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனெனில் அவை படிப்பவருக்கு உரியவை. ஒருமுறை படித்துச் சிரித்தபின் அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அன்குளூட்டில் வந்த ‘அஷ்னாட்ஸ் கூப்பன்’ இதற்கு நல்ல சான்று. அதைப் பலியிட்டால், குறிக்கப்படும் ஆட்டக்காரர் எழுந்து சென்று, கேட்ட பானத்தைக் கொண்டுவந்து தர வேண்டும். பின்னர், அந்தப் பானத்துக்கான செலவைச் சீட்டை ஆடியவரே ஏற்க வேண்டும் என்று அதற்கு அதிகாரபூர்வமான திருத்தமும் வெளியிடப்பட்டது. ‘இலக்கு’, ‘செலவு’ என்ற விதிமொழிச் சொற்கள் ஒரு குவளைப் பானத்தின்மேல் ஏற்றப்படுவதில்தான் இங்கே நகை இருக்கிறது. ஆடும்போது நிகழ்வதோ, ஒருவர் எழுந்து போக மற்றவர் காத்திருப்பது மட்டுமே.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைச் சொல்கிறது. அதாவது கேலியும், குழந்தைத்தனமும், அறியாமையும், சொன்னதை அப்படியே நம்பும் மடமையும். கூப்பன் சீட்டு எள்ளலைச் சார்ந்தது. ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, சீட்டைத் தலையில் சாயாமல் நிறுத்திவைத்திருக்கும் வரை அந்நிறத்தால் தனக்கு வரும் சேதம் எல்லாம் தடுக்கப்படும் என்று விதிக்கும் ‘சார்ம் ஸ்கூல்’ இளமையைச் சார்ந்தது. இந்த நான்கு களன்களையும் நோக்கினால், அவை நகை பிறப்பதற்குக் காண்பவர் ஒருவர், காணப்படுபவர் ஒருவர் என இருவர் வேண்டும் என்பதை உள்ளடக்கியிருப்பது தெரியும். ஆட்ட மேசையில் இந்தப் பிரிவு நிலைப்பதில்லை. அங்கே காண்பவரும் வெல்ல வேண்டும், காணப்படுபவரும் வெல்ல வேண்டும். நகைச்சுவை நுட்பங்களின் சிக்கல் முழுவதும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. ‘நுட்பம்’ என்று இங்கே குறிக்கப்படுவது, பல சீட்டுகளில் திரும்பத் திரும்ப வந்து ஆட்டத்தின் போக்கையே வகுக்கும் விதி வடிவத்தை.

இச்சிக்கல் தன் முழு உருவத்தையும் காட்டியது அன்ஹிஞ்ச்டு தொகுதியின் ‘காட்சா’ என்ற நுட்பத்தில். அந்த ஆங்கிலச் சொல்லை ‘மாட்டிக்கொண்டாய்!’ என்று தமிழில் சொல்லலாம். இந்த நுட்பம் கொண்ட சீட்டு கல்லறையில் கிடக்கும்போது, எதிரி ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சொன்னாலோ ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்தாலோ, சீட்டுக்கு உரியவர் ‘காட்சா!’ என்று கூவி அதைத் தன் கைக்கு மீட்டுக்கொள்ளலாம். ஒரு சீட்டு, எதிரி ஏதேனும் ஓர் எண்ணைச் சொல்லக் காத்திருக்கும். இன்னொன்று, அவர் தன் முகத்தைத் தொடக் காத்திருக்கும். மற்றொன்று, கையிலுள்ள சீட்டுகளை விரலால் சுண்டும் பழக்கத்துக்காகக் காத்திருக்கும். ‘லாஃபிங் ஹைனா’, அதாவது சிரிக்கும் கழுதைப்புலி, எதிரி சிரித்தால் திரும்பி வரும்.

வாசகமாகப் படிக்கும்போது இதைவிடச் சிறந்த நகைச்சுவை நுட்பத்தைக் கற்பனை செய்வது கடினம். பேச்சுக்குப் பேச்சு பொறி வைப்பதும், நண்பரின் வாயைக் கிளறி அந்தச் சொல்லை வரவழைப்பதும், தெரிந்தே மாட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வதும் மேசையைக் கலகலப்பாக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது அதற்கு நேர்மாறு. பொறிவைக்கப்பட்ட சொற்கள் ‘மந்திரம்’, ‘உயிரி’, ‘சேதம்’, ‘உயிர்’ என்ற பொருள்படும், ஆட்டத்துக்கு இன்றியமையாத சொற்கள்; அவற்றைச் சொல்லாமல் இருப்பதற்கான ஒரே உறுதியான வழி எதையும் சொல்லாமல் இருப்பது. ஆடுவோர் வாய் பேசாமல் விரலால் சுட்டினார்கள், கைகளை முகத்தினருகே கொண்டுபோகாமல் அடக்கினார்கள், சிரிப்பை விழுங்கினார்கள். ஆட்டத்தை நன்றாக ஆடுவது என்பதன் பொருளே பேசாமலும் சிரிக்காமலும் அசையாமலும் இருப்பது என்றாகிவிட்டது. சிரிப்பை உண்டாக்கப் பிறந்த தொகுதி, சிரிப்புக்குத் தண்டனை விதித்தது.

சிரிப்பைப் பற்றி 1900-இல் நூல் எழுதிய பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பெர்க்சன், உயிருள்ள ஒன்று கவனமின்றி எந்திரம்போல் நடந்துகொள்ளும்போது நகை பிறக்கிறது என்று வாதிட்டார். கால் இடறி விழுபவரைப் பார்த்து வரும் சிரிப்பை அவர் இவ்வாறே விளக்கினார். அந்த விளக்கத்தின் ஒளியில் பார்த்தால், காட்சா நுட்பம் தன் வேரைத் தானே அறுத்துக்கொண்டது புலப்படும்: அது கவனக்குறைவை வேட்டையாடுகிறது, வேட்டைக்கு அஞ்சும் ஆட்டக்காரர் கவனமாகிறார், கவனமானவரிடம் சிரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ரோஸ்வாட்டரும் பின்னாளில் இதைத் தன் பெரிய தவறுகளுள் ஒன்றாகப் பலமுறை எழுதியிருக்கிறார். 2016-இல் விளையாட்டு வடிவமைப்பாளர்களின் மாநாட்டில் இருபது ஆண்டுப் பணியின் பாடங்களைத் தொகுத்துப் பேசியபோது, இன்பம் தரும் செயலே வெல்வதற்கு உகந்த செயலாகவும் இருக்க வேண்டும் என்ற பாடத்துக்கு அவர் எடுத்துக்காட்டாக வைத்தது இந்த நுட்பத்தைத்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நண்பர்கள் கூடி விளையாட்டாக ஆடும் இடத்தில் வெற்றியை ஏன் பெரிதாகக் கொள்ள வேண்டும், மாட்டிக்கொள்வதற்கென்றே பேசலாமே என்று கேட்கலாம். விளையாட்டின் மெய்யியலை ஆராய்ந்த பெர்னார்டு சூட்ஸ், ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற தம் 1978-ஆம் ஆண்டு நூலில், விதிகளை மதித்தும் ஆட்டத்தின் இலக்கை நாடாமல் காய் நகர்த்துபவரை ஒரு தனி வகையாகப் பிரித்துக் காட்டுகிறார்; அத்தகையவர் விதியை மீறவில்லையாயினும் முழுப் பொருளில் ஆடவில்லை என்பது அவர் கருத்து. காட்சா நுட்பம் இன்பம் தர வேண்டுமானால் மேசையிலுள்ள அனைவரும் இத்தகையவர்களாக மாற ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் வெல்ல நினைத்தாலும் மற்றவர்களின் கலகலப்பு அவருக்கு ஆதாயமாகிவிடும். ஆடுவோரின் பெருந்தன்மையை நம்பி நிற்கும் விதியை நல்ல விதி என்று சொல்வதற்கில்லை.

பேச்சோடு விளையாடும் நுட்பங்கள் எல்லாமே இவ்வாறு தோற்றன என்று கொள்வதும் தவறு. அன்குளூட்டின் ‘இன்ஃபெர்னல் ஸ்பான் ஆஃப் ஈவில்’ என்ற உயிரியைக் கையில் வைத்திருப்பவர், தன் முறையின் தொடக்கத்தில் சிறிது மானா செலவிட்டு அதை எதிரிக்குக் காட்டி, ‘வந்துகொண்டிருக்கிறது!’ என்று சொன்னால் எதிரி ஓர் உயிர்ப்புள்ளியை இழப்பார். காட்சா எதிரியின் வாயை அடைக்கிறது. இதுவோ உரியவரின் வாயைத் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் அச்சுறுத்தும் குரலில் அவ்வரியைச் சொல்ல வேண்டும், சொல்வதால் ஆதாயமும் உண்டு, சொல்லச் சொல்ல நடிப்பும் ஏறும். ஒரே தொகுதி மரபில், ஒரே பேச்சுப் பொருளில், ஒன்று மேசையைச் சாவு வீடாக்குவதும் மற்றொன்று கூத்துமேடையாக்குவதும் விதி எந்தத் திசையில் பரிசளிக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

உடல் செயல்களைக் கோரும் சீட்டுகளின் நிலை சற்று வேறு. மேஜிக்கின் முதல் தொகுதியிலேயே ‘கேயாஸ் ஆர்ப்’ என்ற சீட்டு இருந்தது. அதை ஓரடி உயரத்திலிருந்தேனும் புரளுமாறு மேசைமேல் போட்டு, அது தொட்ட சீட்டுகளை எல்லாம் அழிக்கலாம். அதைத் துண்டுதுண்டாகக் கிழித்து எதிரியின் சீட்டுகள்மேல் தூவிய ஒருவரைப் பற்றிய செவிவழிக் கதை ஆட்டக்காரர்களிடையே நெடுநாள் உலவியது. பின்னாளில் போட்டிகளிலிருந்து அச்சீட்டு தடைசெய்யப்பட்டாலும், அந்தக் கதையையே விதியாக்கி அன்குளூட் ‘கேயாஸ் கன்ஃபெட்டி’யை வெளியிட்டது: சீட்டைக் கிழித்து, ஐந்தடிக்குக் குறையாத தொலைவிலிருந்து வீச வேண்டும், துண்டுகள் தொட்டவை அழியும். எத்தனை முறை படித்தாலும் இந்த விதி இனிக்கிறது. ஆனால் ஒரு பிரதியை ஒருமுறைதான் ஆட முடியும் என்பதால், பெரும்பாலானோர் அதை ஆடாமல் பத்திரப்படுத்தினார்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது. அத்தொகுதியிலேயே தன்னைக் கிழித்தால் நான்கு மானா தரும் ‘பிளாக்கர் லோட்டஸ்’ சீட்டுக்கும் இதே கதிதான். தலையில் நிறுத்தும் சீட்டு இவற்றைவிட மேலானது, ஏனெனில் உடல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தடுமாறுகிறது. தும்மல் வந்தால் கோட்டை சரியும். அந்தத் தும்மலை அடக்குவது வெல்வதற்கான உண்மையான முயற்சியாகவும் இருக்கிறது.

பின்னங்களைப் பற்றி ஒரு சொல் போதும். அன்ஹிஞ்ச்டில் அரை மானா விலையும் அரை வலிமையும் கொண்ட ‘லிட்டில் கேர்ள்’ முதலிய சீட்டுகள் வந்தன. முதல் சீட்டில் அரை என்ற எண் சிரிப்பு, பத்தாவது சீட்டில் அது கணக்கு வேலை.

பகடையின் கதை இன்னும் பயனுள்ளது. அன்குளூட்டின் ‘எல்விஷ் இம்பர்சனேட்டர்ஸ்’ நான்கு மானா விலையுள்ள உயிரி; இரண்டு பகடைகளை உருட்டி அதன் தாக்கும் வலிமையையும் தாங்கும் வலிமையையும் முடிவுசெய்ய வேண்டும். ஆறும் ஆறும் விழுந்தால் ஆரவாரம்; ஒன்றும் ஒன்றும் விழுந்தால் நான்கு மானா வீண். தாயம் விழாமல் காத்திருந்தவர்களுக்கு இந்த வெறுப்பு புரியும்: பகடையின் வேடிக்கை, அதை நம்பியவரைத் தண்டிக்கும்போது அவருக்கு வேடிக்கையாக இருப்பதில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த அன்ஸ்டேபிளில் ‘அடோரபிள் கிட்டன்’ என்ற பூனைக்குட்டி களத்துக்கு வரும்போது பகடை உருட்டி, விழுந்த எண்ணிக்கை அளவுக்கு உயிர்ப்புள்ளிகளைப் பெறலாம். ஒன்று விழுந்தாலும் ஆதாயமே. ஆறு விழுந்தால் கூடுதல் ஆதாயம். பகடையில் விழும் எண்ணோடு இரண்டைக் கூட்டித்தரும் சீட்டும் அதே தொகுதியில் உண்டு. ஆகவே எதிர்பாராமையைக் கெடுக்காமலேயே அதன்மேல் ஆட்டக்காரருக்கு ஒரு பிடியும் கிடைத்தது. இருபது முகப் பகடை 2021-இல் மேஜிக்கின் கறுப்பு ஓரத் தொகுதி ஒன்றுக்குள்ளும் நுழைந்தது.

அன்ஸ்டேபிளின் முதன்மையான இரு நுட்பங்களும் இந்த ஆய்வுக்கு மையமானவை. 2007-இல் ஒரு முறையான தொகுதியில், ‘கான்ட்ராப்ஷன்’ என்ற கோணங்கி எந்திரம் ஒன்றைப் பூட்டினால் இரண்டாகப் பூட்டலாம் என்று சொல்லும் ஒரு சீட்டு வந்தது. அப்படியோர் எந்திரமோ அதைப் பூட்டும் விதியோ அப்போது இல்லை. அந்த இல்லாமையே நகை. பத்தாண்டுகள் கழித்து அந்த எந்திரங்களை அன்ஸ்டேபிள் உண்மையிலேயே உண்டாக்கியது. ஆட்டக்காரர் அவற்றைத் தனிக் கட்டாக வைத்திருந்து, ஒவ்வொன்றாக எடுத்து, மூன்று பற்சக்கரங்களுள் ஏதேனும் ஒன்றின்கீழ் வைப்பார். ஒவ்வொரு முறையும் கைப்பிடி அடுத்த சக்கரத்துக்கு நகர, அதன்கீழ் உள்ள எந்திரங்கள் எல்லாம் ஒன்றாக இயங்கும். எதை எந்தச் சக்கரத்தில் வைப்பது, எல்லாவற்றையும் ஒன்றில் குவித்து மூன்று முறைக்கொருமுறை பெருமுழக்கம் செய்வதா, பரப்பிவைத்துச் சிறிதுசிறிதாகப் பயன்பெறுவதா என்பது உண்மையான சிந்தனைக்குரிய தேர்வு. தேர்வு தீவிரமானது, விளைவு கோமாளித்தனமானது. ஆட்டக்காரர் நன்றாக ஆட ஆட எந்திரம் மேலும் கோணங்கித்தனமாகிறது என்பதில் இந்நுட்பத்தின் சிறப்பு அடங்கியிருக்கிறது.

இரண்டாவது நுட்பத்தில் சில உயிரிகள் பாதிச் சீட்டுகளாக வருகின்றன. ‘பாதி அணில், பாதி’ என்ற பெயரோடு முற்றுப்பெறாமல் நிற்கும் ஒரு சீட்டைப் பூனைக்குட்டியின் சீட்டின் இடப்பக்கத்தின்மேல் வைத்தால், பெயர்களும் படங்களும் ஒட்டிப் பாதி அணில், பாதி பூனைக்குட்டி ஆகின்றன. விதிகளும் அவ்வாறே ஒட்டுகின்றன: ‘எப்போது நிகழும்’ என்ற பகுதியை ஒட்டப்பட்ட பாதி தருகிறது, ‘என்ன நிகழும்’ என்ற பகுதியை அடியிலுள்ள பாதி தருகிறது. முன்பு ஒருமுறை மட்டும் உருட்டப்பட்ட பகடை இப்போது பலமுறை உருட்டப்படும். இத்தொகுதி, பொட்டலங்களைப் பிரித்து ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் நகர்த்தும் ‘டிராஃப்ட்’ என்ற ஆட்ட முறைக்காகவே வடிவமைக்கப்பட்டதால், எவர் கையில் எந்தப் பாதி சேரும் என்பது முன்கூட்டித் தெரியாது. அச்சிட்டவர் முழு நகைச்சுவையையும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. எழுவாயை ஒரு சீட்டிலும் பயனிலையை இன்னொரு சீட்டிலும் வைத்தார், வாக்கியத்தை முடித்தவர்கள் ஆடியவர்களே. வடிவமைப்பாளர் எழுதிய நகைச்சுவை முதல் வாசிப்பில் தீர்ந்துபோகும். ஆட்டக்காரர் உண்டாக்கும் நகைச்சுவை கட்டைக் கலைத்துப் போடும்போதெல்லாம் புதுப்பிக்கப்படும்.

புதுமை மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை என்பதைக் கணினிச் சீட்டாட்டமான ‘ஹார்த்ஸ்டோன்’ காட்டியது. பிளிசர்ட் நிறுவனம் அதில் 2016 ஏப்ரலில் வெளியிட்ட ‘யாக்-சாரன்’ என்ற சீட்டு, ஆட்டத்தில் அதற்கு உரியவர் அதுவரை ஆடிய மந்திரங்களின் எண்ணிக்கைக்குச் சமமான மந்திரங்களைத் தற்போக்காகத் தேர்ந்து, தற்போக்கான இலக்குகளின்மேல் ஏவும். விளைவுகள் ஒருமுறை நிகழ்ந்ததுபோல் மறுமுறை நிகழாது, பார்ப்போர் மகிழ்ந்தனர். ஆனால் சீட்டை இறக்கியபின் அதற்கு உரியவரும் பார்வையாளரே. முறையாகக் கட்டிய வெற்றியை ஒரே குலுக்கலில் இழந்தவரோ பாதிக்கப்பட்ட பார்வையாளர். போட்டிகளில் அது எழுப்பிய சர்ச்சைக்குப் பின், அதே ஆண்டு அக்டோபரில், தன் மந்திரங்களால் தானே அழிந்தால் அந்நொடியே நின்றுவிடுமாறு அச்சீட்டு திருத்தப்பட்டது.

அன்ஃபினிட்டி இன்னொரு வகையில் பாடம் கற்றது. அதில் வெள்ளி ஓரத்தைக் கைவிட்டு, சீட்டுகளுள் ஒரு பகுதியை, பழஞ்சீட்டுகள் அனைத்தையும் ஏற்கும் முறையான போட்டிகளிலும் ஆடலாம் என்று அனுமதித்தார்கள். சீட்டுகளின்மேல் சொற்களையும் படங்களையும் ஒட்டும் ஒட்டுவில்லைகள் அதன் புது நுட்பம். பெயரில் வெற்றிடம் விடப்பட்ட ஒரு கோப்ளின் சீட்டில் ஏதேனும் ஒரு சொல்லை ஒட்டினால், அச்சொல்லிலுள்ள வெவ்வேறு உயிரெழுத்துகளின் எண்ணிக்கைக்கேற்ப மானா கிடைக்கும். பெயரைச் சேர்த்துப் படித்துச் சிரிக்க வேண்டும் என்பது நோக்கம். போட்டி ஆட்டக்காரர்களோ உயிரெழுத்துகளை மட்டும் எண்ணினார்கள். பெயரைப் படிக்கவே அவர்களுக்குக் காரணம் இல்லை. மானா ஊற்றாக மாறிய அந்த நகைச்சுவை, ஒட்டுவில்லைத் தாள்களைத் தேர்ந்து வைக்கும் கூடுதல் வேலையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. 2024-இல் ஒட்டுவில்லைகளைப் பயன்படுத்தும் சீட்டுகள் லெகசி, விண்டேஜ் ஆகிய போட்டி வகைகளிலிருந்து தடைசெய்யப்பட்டன.

ஆகவே, நகைச்சுவை நுட்பம் ஆடுவதற்கு இனியதா என்பதை முதல் ஆட்டத்தின் சிரிப்பைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. வெல்ல விரும்பும் ஒருவர் பத்தாவது ஆட்டத்திலும் அந்தச் சீட்டைத் தேடி எடுக்கிறாரா என்பதே சரியான அளவுகோல். இந்த அளவுகோலுக்கு அன்ஹிஞ்ச்டு நிற்கவில்லை. அதற்குப் பின் அடுத்த நகைச்சுவைத் தொகுதி வரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அன்ஸ்டேபிள் நிற்கிறது, அதில் காட்சா நுட்பம் இடம்பெறவில்லை. இச்சீட்டுகளை ஆடிப் பார்க்க விரும்பும் வாசகர் அன்ஸ்டேபிளின் பொட்டலங்களிலிருந்து தொடங்கலாம். சிரிக்கும் கழுதைப்புலியைப் படித்து மகிழ்ந்தபின் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.